கீழ்க்கோரை லயத்துச் சங்கு

நடுவட்டம் கடைவீதியில் அம்சவேணியின் கடை எது என்று கேட்டால், டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட கிளாஸைக் கீழே வைக்காமல் மோவாயாலேயே காட்டிவிடுவார். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவில், எட்டடிக்குப் பத்தடி. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், சாதிச் சான்று, பரீட்சை ரிசல்ட் என்று பலகை சொல்லும். பலகையில் எழுதாத வேலை ஒன்றும் அவளுக்கு உண்டு. பதினோரு வருடமாகச் செய்கிறாள். அதில் காலணா வருமானம் கிடையாது. ஆனாலும் ஒரு நாள் அதைத் தொடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அது என்ன வேலை என்று அவளுடைய அம்மா காத்தாயியைக் கேட்டால், "பொட்டலம் கட்டுற வேல" என்பாள். பாதி கிண்டல், பாதி உண்மை. உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு சிலர் இலவசமாக மென்பொருள் எழுதுகிறார்கள். எழுதிவிட்டால் ஆயிற்றா? மேசைக் கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கும் செயலி (பிராசஸர்) ஒரு வகை, செல்போனுக்கு இன்னொரு வகை, சுவர் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரௌட்டருக்கு வேறொரு வகை. ஒரே மென்பொருளை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகத் தயாரித்து, வேண்டிய துணைக் கோப்புகளைச் சேர்த்து, கேட்பவர் கையில் பிசகில்லாமல் போய்ச் சேரும்படி பொதியாகக் கட்டி வைக்க ஆள் வேண்டும். அப்படிக் கட்டுகிற ஒரு தன்னார்வக் கூட்டத்தில் அம்சவேணியும் ஒருத்தி. அவள் பொறுப்பில் நாற்பத்தேழு பொதிகள், ஒவ்வொன்றும் ஆறு வகைச் செயலிக்கு. அவள் பெயரை ஜெர்மனியில் நாலு பேருக்குத் தெரியும், பிரேசிலில் இரண்டு பேருக்குத் தெரியும். நடுவட்டத்தில் அவள் ஜெராக்ஸ் அக்காதான்.

ஊட்டி கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தவள். அப்பா முனியசாமி அவள் இரண்டாம் வருடம் படிக்கையிலேயே போய்விட்டார். காத்தாயி எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். வந்த நாளிலிருந்து தேயிலைக்குள்தான் வாழ்க்கை. ஐம்பத்தெட்டு வயதிலும் கீழ்க்கோரை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு அவள் வாயில் இன்றைக்கும் லயம் என்றுதான் பெயர். அந்த லயத்தில் இருபத்திரண்டு வீடு. பதினாலாம் நம்பர் காத்தாயியுடையது. கடைக்கு மேலே மகள் எடுத்திருக்கும் அறைக்கு வந்துவிடச் சொன்னால், "அந்த மாடிப்படிய நான் ஏறி எறங்குறதுக்குள்ள மூணு கிலோ பறிச்சிருவேன்" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

லயத்துக்கு மேலே மலை. இரண்டு வருடத்துக்கு முந்திய மழையில் அந்தச் சரிவில் ஒரு வெடிப்பு விழுந்தது. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். புது வீடு கட்டித் தருகிறோம் என்று எஸ்டேட் சொன்னது, அஸ்திவாரமும் போட்டது. சுவர் எழும்ப இன்னும் இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை அந்த வெடிப்புக்குக் கீழேதான் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் படுத்து எழுந்தாக வேண்டும். மழை தகரத்தில் தட்டுகிற நாட்களில் அம்சவேணிக்குக் கடையில் கை வேலையில் நிற்காது. அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பாள். காத்தாயி எடுத்தவுடன், "இன்னும் உசுரோடதான் இருக்கேன், வையி" என்பாள்.

பயந்து பயந்து போன் போடுவதற்குப் பதில் உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் விஜயனைப் பிடித்தாள். கூடலூர்க்காரன், அவளைவிட ஐந்து வயது சின்னவன். பேச்சில் தமிழும் மலையாளமும் ஒரே தட்டில் பரிமாறுவான். இரண்டு பேரும் சேர்ந்து வெடிப்புக்கு மேலே முகட்டில் ஒரு மழைமானியை நட்டார்கள். அதற்குள் சீசா பலகை போல இரண்டு சின்னக் கிண்ணம். ஒன்று நிறைந்தால் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஐந்து தடவை சாய்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. சாய்வுகளை எண்ணி ஒவ்வொரு மணி நேரக் கணக்கையும் அனுப்புவதற்கு, யாரோ தூக்கிப் போட்ட பழைய வைஃபை ரௌட்டர் ஒன்று. லயத்தில் அந்த எண்ணை வாங்குவதற்கு உள்ளங்கையளவு போர்டு ஒன்று. எண் நூற்றைம்பதைத் தாண்டினால் அது ஃபேக்டரியின் பழைய சங்கை ஊதும். கரண்ட் போனாலும் நிற்காதபடி எல்லாம் பேட்டரியில் ஓடும். சங்கு ஊதினால் எல்லோரும் எதிர்ச்சரிவில் இருக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பிப்ரவரியில் வைத்தார்கள். லேப்டாப்பை நேராகச் சொருகி மழைமானியைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. பட்டனை அழுத்திச் சங்கை ஊதிப் பார்த்தார்கள், நாய்களெல்லாம் ஊளையிட்டன. பிறகு இரண்டையும் இணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். வானம் பிப்ரவரி வானம், பொட்டு மழை இல்லை. ரௌட்டர் மணிக்கு மணி பூஜ்யம் அனுப்பியது, லயத்து போர்டு மணிக்கு மணி பூஜ்யம் வாங்கியது. மார்ச் முழுக்க அதே பூஜ்யம். "பெர்ஃபெக்ட் சேச்சி" என்றான் விஜயன். அவளும் நம்பினாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேகம் நாலு தூறல் உதறியது. துணி எடுக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. சங்கு அலறியது. லயமே எழுந்து ஓடியது. குழந்தையைத் தூக்கியவர்கள், சோற்றுப் பானையைத் தூக்கியவர்கள், என்னத்தைத் தூக்குவதென்று தெரியாமல் டி.வி. ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒருவர். காத்தாயி ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்துபோனது. கூடலூரில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கொழுந்து பறிக்கக் கூடாது என்று அனுப்பிவைத்தார்கள்.

விஜயன் ஒயரை மாற்றினான். பத்தாம் நாள் மறுபடியும் ஊதியது, வெறும் சாரலுக்கு. மூன்றாவது முறை மாரியம்மன் திருவிழாவன்று, சாமி ஊர்வலம் வாசலுக்கு வந்து நிற்கும் நேரம் பார்த்து ஊதியது. இந்தத் தடவை ஓடியவர்கள் நாலே பேர். மற்றவர்கள் சிரித்தார்கள். "நமக்குச் சங்கு ஊதுறதுன்னு முடிவு பண்ணிட்டா, சாமி வந்தா என்ன, சனம் வந்தா என்ன" என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. காத்தாயி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மகளிடம் அவள் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பாப்பா, இனி அது ஊதுனாலும் நான் எந்திரிக்க மாட்டேன். ஒரு தடவ ஓடுனேன், கை போச்சு. மல வந்தா வரட்டும்."

மறுநாள் பீல்டு ஆபீசர் ரவிச்சந்திரன் சங்கின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அன்னூர்ப் பக்கத்து மனிதர், கெட்டவர் இல்லை. "ஏனுங்க அம்சவேணி, நல்ல எண்ணத்துல பண்ணுனீங்க, இல்லீன்னு சொல்லுல. ஆனா சனம் சிரிக்குதுங்க. சிரிக்கற சங்கு எதுக்குங்க?" என்றார். தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

விஜயன் அன்றைக்கே கடைக்கு வந்தான். கையில் லயத்து போர்டிலிருந்து எடுத்த பதிவு. அவனிடம் ஒரு யோசனையும் இருந்தது.

"சேச்சி, இது கேளு. ஒரு மணிக்கூருக்கு ஆயிரம்னு எழுதிருக்கு, ரெண்டாயிரம்னு எழுதிருக்கு. ஆயிரம்னா இருநூறு மில்லிமீட்டர். அப்டி மழை உண்டோ? ஆயிரத்துக்கு மேல வந்தா குப்பைன்னு தள்ளிவிடுற மாதிரி ஒரு வரி போட்டா மதி. அஞ்சு நிமிஷ வேல."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. யார் கேட்டாலும் சரி என்பார்கள். அம்சவேணிகூட லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் பாதி அடித்துவிட்டாள். பிறகு, "அந்தப் பதிவக் குடு" என்று வாங்கிப் பார்த்தாள்.

768. 512. 2048. 1280. 256.

இந்த எண்களை அவளுக்குத் தெரியும். எல்லாமே 256-இன் மடங்கு.

கம்ப்யூட்டரின் ஒரு கட்டத்தில் 255 வரைக்கும்தான் எழுத முடியும். அதற்கு மேல் போகக்கூடிய எண்ணுக்கு இரண்டு கட்டம் வேண்டும். ஒன்றில் எத்தனை 256 என்பது, மற்றதில் மீதி. எந்தக் கட்டம் முதலில் வர வேண்டும் என்பதில்தான் செயலிகள் இரண்டு கட்சியாக நிற்கின்றன. சில பெரிய கட்டத்தை முதலில் வைக்கும், சில சின்னதை முதலில் வைக்கும். தன் வீட்டுக்குள் எதை எங்கே வைத்தால் யாருக்கென்ன? ஒன்று எழுதியதை மற்றது வாசிக்கும்போதுதான் வினை. அந்தப் பழைய ரௌட்டர் பெரியதை முதலில் வைக்கிற கட்சி. லயத்து போர்டு சின்னதை முதலில் வைக்கிற கட்சி. மூன்று சாய்வு மழை பெய்தால் ரௌட்டர் பூஜ்யம், மூன்று என்று எழுதும். அதை போர்டு தலைகீழாக வாசித்து மூன்று 256, மொத்தம் 768 என்று சங்கை ஊதிவிடும். பூஜ்யத்தை எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் பூஜ்யம். பிப்ரவரி, மார்ச் முழுக்க அவர்களை ஏமாற்றியது அந்தப் பூஜ்யம்தான்.

"விஜயன், உன் வரியப் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள். "மூணு சாய்வு வரைக்கும் சங்கு ஊதும். நாலு சாய்வு ஆயிரத்து இருபத்து நாலு, தள்ளிரும். நூத்தியறுபது சாய்வு, மல எறங்குற மழ, அது நாப்பதாயிரத்துச் சொச்சம்னு வரும். அதையும் குப்பைன்னு தள்ளிரும். தூறலுக்குக் கத்தும், பேய் மழைக்கு வாயத் தொறக்காது."

விஜயன் "என்டம்மே" என்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

அவள் பாதி அடித்த வரியை அழித்தாள். கதை அதோடு நின்றிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எண்களைக் கட்டங்களில் போட்டு அனுப்புகிற வேலையைச் செய்வது ஒரு சின்ன நூலகம், பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் துணை நிரல். யாரோ எழுதியது, பொதி கட்டியது யாரென்று பார்க்கத் திறந்தாள். பொதி கட்டியவர் பெயர் அம்சவேணி.

ஒவ்வொரு பொதியையும் ஆறு செயலிகளிலும் தயாரித்த பிறகு சோதனைகள் தானாக ஓடும். எல்லாம் தேறினால்தான் பொதி வெளியே போகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த நூலகம் ஐந்து செயலிகளில் தேறியது. ஆறாவதில், அந்தப் பழைய ரௌட்டர் வகையில் மட்டும் தோற்றது. அன்றைக்குக் கடையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் கூட்டம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்முறைக் கோப்பில் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: இந்தச் செயலியில் மட்டும் சோதனையை ஓட்டாதே. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: 'இந்தப் பழைய செயலியை இனி யார் பயன்படுத்தப் போகிறார்கள்.'

பொதி கட்டுகிறவர்கள் எல்லோரும் எப்போதாவது செய்கிற காரியம்தான். உலகத்தில் எந்த மூலையில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியத்தில் செய்வது. அந்த மூலை இங்கிருந்து நாலு கிலோமீட்டர். அந்த யாரோ, அவளைப் பெற்றவள். அம்சவேணி ஜெராக்ஸ் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சாதிச் சான்றுக்கு வந்து நின்ற ஒரு ஆள் எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அழுது முடித்தபின் வேலையைப் பார்த்தாள். நூலகத்தில் திருத்த வேண்டியிருந்தது ஆறே வரி. எந்தச் செயலியாக இருந்தாலும் சரி, வெளியே அனுப்பும்போது பெரிய கட்டம்தான் முதலில். வாங்குகிறவர் தன் வழக்கப்படி திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். தான் போட்ட தடை வரியை எடுத்தாள். இன்னொரு பழைய ரௌட்டரைக் கடை மேசையிலேயே வைத்துச் சோதனைகளை ஓட்டினாள். ஆறு செயலியிலும் பச்சை. நூலகத்தை எழுதியவருக்கும் திருத்தத்தை அனுப்பினாள். அந்த மாதிரிச் செயலியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று நன்றி சொல்லி அவர் அதைச் சேர்த்துக்கொண்டார். கையோடு மற்ற நாற்பத்தாறு பொதிகளையும் பிரித்துப் பார்த்தாள். மூன்றில் அதே மாதிரி தடை வரி. மூன்றையும் சரிசெய்த பிறகுதான் அவளால் கண்ணாடியில் முகம் பார்க்க முடிந்தது.

திருத்திய நூலகத்தை ரௌட்டரிலும் போர்டிலும் ஏற்றியதும், விஜயன் ஒரு லிட்டர் பாட்டிலோடு முகட்டுக்கு ஏறி, மழைமானிக்குள் சொட்டுச் சொட்டாக முழுவதையும் ஊற்றினான். லயத்து போர்டில் 158 என்று வந்தது. கணக்குப்படி வர வேண்டியது 159. அவன் சட்டையில் ஒரு சொட்டுக் கொட்டியிருக்கும்.

மிஷின் சரியாகிவிட்டது. சனம் சரியாக வேண்டுமே? சங்கு ஊதினால் சிரிக்கிறவர்களுக்கு எத்தனை பச்சை விளக்கைக் காட்டி என்ன பயன்?

கீழ்க்கோரையில் காலை ஏழரைக்குப் பெரட்டு. அன்றைக்கு யாருக்கு எந்தக் காட்டில் வேலை என்று ஆள் பிரிக்கும் கூட்டம் அது. பெரட்டுக் களத்தில் ஒரு கரும்பலகை உண்டு. ரவிச்சந்திரன் தினமும் ஆபீஸ் முற்றத்து மழைமானியிலிருந்து தண்ணீரைக் கண்ணாடி அளவியில் ஊற்றிப் பார்த்து, முந்தின நாள் மழையை அந்தப் பலகையில் எழுதுவார். ஊரெல்லாம் மில்லிமீட்டருக்கு மாறிய பிறகும் எஸ்டேட்டில் மழை இஞ்ச், சென்ட்தான். இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். வேலைக்குக் கூடை எடுக்கும் முன் ஒவ்வொருவரும் அந்த எண்ணை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஐம்பது சென்ட் பெய்திருந்தால் கொழுந்து எப்படி இருக்கும், ரத்தம் உறிஞ்சும் அட்டை எவ்வளவு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பலகையில் இதுவரை யாரும் பொய் எழுதியதில்லை.

ஒரு காலையில் அம்சவேணி அந்தக் களத்துக்கு வந்து நின்றாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு காத்தாயியும் அங்கே இருந்தாள். வேலை இல்லாவிட்டாலும் பெரட்டுக்கு வராமல் அவளால் இருக்க முடியாது.

"தப்பு சங்குமேல இல்ல, விஜயன்மேலயும் இல்ல. என்மேலதான்," என்றாள் அம்சவேணி. "கொழுந்துச் சீட்டுல கிலோவுக்கு ஒரு கட்டம், கிராமுக்கு ஒரு கட்டம் இருக்குல்ல? ஒருத்தர் கிலோ மொதல்ல எழுதுறாரு, வாங்குறவரு கிராம்தான் மொதல்லன்னு நெனைச்சுப் படிக்கிறாரு. மூணு கிராம் மூணு கிலோ ஆயிருது. அப்படித்தான் தூறல் பேய் மழையாச்சு. எழுதுறவருக்கும் படிக்கிறவருக்கும் ஒத்துப்போகுதான்னு பாக்க வேண்டியவ நான். பாக்கல. எங்கம்மா கை ஒடஞ்சது அதனாலதான்."

பின்னாலிருந்து ஒரு பெண், "மூணு கிராமுக்கு மூணு கிலோ போடுற சீட்டு நமக்கு வரமாட்டேங்குதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு அந்தத் திருவிழாச் சிரிப்பு இல்லை என்று அம்சவேணிக்குக் கேட்ட உடனே தெரிந்தது.

"இப்ப என்ன பண்ணோணுங்கறீங்க?" என்றார் ரவிச்சந்திரன்.

"ஒயர் உங்க டிராயர்லயே இருக்கட்டும் சார். பதினஞ்சு நாளைக்கு நீங்க கிளாஸ்ல அளந்து எழுதுங்க. அதுக்குப் பக்கத்துலயே எங்க மிஷின் சொல்ற நம்பரையும் சென்ட்டா மாத்தித் தர்றேன், எழுதுங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா சங்கக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

ரவிச்சந்திரன் யோசித்தார். "சரிங்க. சனமே பாத்துச் சொல்லட்டும்" என்று சாக்பீஸை எடுத்துப் பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்தார். காத்தாயி மகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாள் 12, 12. இரண்டாம் நாள் 7, 7. கோடை மழை அந்த வருடம் தாராளமாக இருந்தது. நாலாம் நாள் இரண்டு பக்கமும் 42. எட்டாம் நாள் கண்ணாடி 31 என்றது, மிஷின் 30 என்றது. அன்று முழுக்கத் தேயிலைக்குள் அந்த ஒரு சென்ட்தான் பேச்சு. பதினைந்தாம் நாள் காலை இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் எட்டு சென்ட். ரவிச்சந்திரன் சாக்பீஸைக் கீழே வைத்தார், டிராயரைத் திறந்தார், சுருட்டிய ஒயரை விஜயன் கையில் கொடுத்தார். அம்சவேணி அம்மாவிடம், "இனி ஊதுனா போவியாம்மா?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றாள் காத்தாயி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஜூன் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. ஒரு புதன்கிழமை காலை காடே தெரியாமல் கொட்டியதால் பெரட்டைக் கலைத்துவிட்டார்கள். எல்லோரும் லயத்துக்குள் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்சவேணி கடையில், நெட் வழியாக லேப்டாப்புக்கு வரும் மழைமானி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு 88. பதினொன்றுக்கு 141. அதோடு கரண்ட் போனது, நெட் போனது, போனில் ஒரு கோடுகூட இல்லை. அடுத்த எண் எவ்வளவு, சங்கு ஊதியதா, ஊதியிருந்தால் எழுந்தார்களா, அம்மா எழுந்தாளா. எதுவும் தெரியாது. ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றன. பன்னிரண்டு மணி வரை காத்திருந்து பார்த்தவள், கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நாலு கிலோமீட்டரும் அவள் மனசில் ஓடியது ஒரே வாக்கியம்தான்: இனி அது ஊதுனாலும் நான் எந்திரிக்க மாட்டேன்.

கடைசி வளைவில் மலை தெரிந்தது. வெடிப்பு இருந்த இடத்தில் வெடிப்பைக் காணோம். செம்மண் வழிந்து இறங்கி லயத்தின் நடுவில் புகுந்திருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலாம் நம்பர் வீடுகளின் கூரைத் தகரம் மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சரிவில் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு குரல் மழையோடு கலந்து வந்தது. யாரோ வரிசையாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரவிச்சந்திரன், பெரட்டில் கூப்பிடுகிற அதே குரலில், கையில் ஆள் கணக்குப் பதிவேடான செக்ரோலோடு. அங்கம்மா. இருக்கேன் சார். கருப்பம்மா. இங்கதான் சார். அம்சவேணி சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள்.

"காத்தாயிக்கா!"

"நாந்தானுங்க மொதல்ல வந்தேன். என்னைய கடைசியாக் கூப்புடுறீங்க!"

வாசல் தூணில் சாய்ந்துகொண்டு அம்சவேணி நின்றுவிட்டாள். உள்ளே தொட்டில்களுக்கு நடுவே தொண்ணூற்று மூன்று பேர். ஒரு பேர்கூட விடுபடவில்லை. விஜயன் ஈரத் தலையோடு ஓடி வந்தான். "நூத்தியறுபத்தி மூணு சேச்சி! பன்னெண்டு மணிக்கு ஊதிச்சு. முக்கா மணிக்கூர் கழிச்சாணு மல எறங்குனது" என்று சிரித்தான், அழுதான், மறுபடியும் சிரித்தான்.

காத்தாயி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டில் முடிந்த பொட்டலம் ஒன்று. மகளைப் பார்த்ததும், "தலையத் தொவட்டு மொதல்ல" என்றாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். "நானும் கட்டி வச்சிருந்தேன்ல, கதவோரமா." உள்ளே ரேஷன் கார்டு, பிரஷர் மாத்திரை, முனியசாமியின் போட்டோ. அவற்றோடு ஒரு பிஸ்கட் டப்பாவின் கிழிந்த அட்டை.

அம்சவேணி அட்டையைத் திருப்பினாள். கொழுந்துச் சீட்டில் எடை பார்த்துப் பார்த்துப் பழகிய, கோணல்மாணலான எண்கள். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் எண்கள். 12, 12. 7, 7. பதினைந்து வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். 31, 30 என்ற வரிக்கு மட்டும் போட்ட டிக்கைக் கோடிட்டு அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தது.

"அன்னைக்கு ஆபீசரு கிளாஸச் சாச்சுப் புடிச்சிருந்தாரு," என்றாள் காத்தாயி. "நீ சொன்னேன்னு நான் எந்திரிக்கல பாப்பா. பதினஞ்சு நாளும் நானே பாத்தேன். பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன்."

அம்சவேணி அம்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை குறைந்துகொண்டிருந்தது.